999 அழைப்பை எடுப்பவருக்கும் சிறைக் காவலருக்கும்: மனக்காயத்துக்கு இழப்பீடு கோருவது எப்படி?

மலேசியாவில் 999 அவசர அழைப்பை எடுப்பவர் விபத்து நடந்த இடத்துக்குப் போவதில்லை. ஆனால், ஒரு தாயின் அலறலும் சட்டென்று தொடர்பு அறுந்துபோவதும் அவர் காதில்தான் விழுகின்றன. அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று தெரியுமுன் அடுத்த அழைப்பு வந்துவிடும். சிம்பாங் ரெங்கம் போன்ற சிறைகளின் காவலர்களோ கைகலப்பையும் திடீர் மரணத்தையும் நேரிலேயே பார்க்க நேரிடுகிறது. இவர்களுக்கு வரக்கூடியது பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மன உளைச்சல் நோய்). சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இதுவும் உண்டு.

கெட்ட கனவு, சம்பவம் மீண்டும் கண்முன் நடப்பதுபோன்ற உணர்வு, தொலைபேசி மணிக்கே படபடப்பு, காரணமற்ற எரிச்சல், வீட்டாரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். முதல் சில வாரம் தூக்கம் கெட்டாலே நோய் என்று அஞ்ச வேண்டாம். பலருக்குத் தானே தணியும். ஒரு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கை குலைந்தால், அரசு சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கிருந்து தம்போய் பெர்மாய் போன்ற மனநல மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

முதல் சந்திப்பிலேயே உங்கள் வேலையையும் சம்பவத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'தூக்கம் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் பதிவேட்டில் அதுதான் இருக்கும். பிறகு வேலையோடு தொடர்பைக் காட்டுவது கடினம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, இவ்விரு பணியாளருக்கும் இந்நோய் வந்தால் வேலையால் வந்ததாகவே முதலில் கருதப்படும். இங்கே அதை எதிர்பார்த்திராமல் சான்றுகளை நீங்களே திரட்டுங்கள்: சம்பவ நாள், ஷிப்ட், அழைப்பின் பதிவு எண், மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்த நகல். ஒலிப்பதிவையோ கைதியின் விவரத்தையோ வெளியே எடுத்துச் செல்லாதீர்கள்.

அடுத்து, யாரிடம் கோருவது? தனியார் நிறுவன ஊழியரும் அரசின் ஒப்பந்த ஊழியரும் சொக்சோவிடம் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பிக்க வேண்டும். வேலையிட விபத்தைப் பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்டால், குறைந்தது நான்கு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) உள்ளவருக்கு, கணக்கிடப்படும் சராசரித் தினக்கூலியில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவித்தொகையாகக் கிடைக்கும். வேலையோடு தொடர்பை நிறுவ முடியாவிட்டாலும், சந்தா நிபந்தனையை நிறைவேற்றியவர் இயலாமை ஓய்வூதியத்துக்கு முயலலாம். நிரந்தர அரசு ஊழியருக்குச் சொக்சோ பொதுவாகப் பொருந்தாது. சிறைக் காவலர்களில் பெரும்பாலோர் இவ்வகையினர். அவர்கள் துறைத் தலைவர் வழியாக 'எக்ஸ்-கிராசியா பென்சானா கெர்ஜா' (பணியிடர் கருணைத்தொகை) கோர வேண்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மனம் தளராதீர்கள். முடிவுக் கடிதத்தில் உள்ள மேல்முறையீட்டுக் கெடுவைக் குறித்துக்கொண்டு, மனநல மருத்துவரின் விரிவான அறிக்கையை இணையுங்கள். 'கமிஷன் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்' என்பவரை நம்பாதீர்கள்.

மதுவும் நண்பர் கொடுக்கும் தூக்க மாத்திரையும் நோயை முற்றச் செய்யும். தாயத்து கட்டுவது உங்கள் நம்பிக்கை. ஆனால், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சையால் பலர் வேலைக்குத் திரும்புகின்றனர். மனம் மிகவும் கனத்தால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணை அழையுங்கள். உளைச்சலின் உச்சத்தில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மருத்துவ அறிக்கை, பிறகு கோரிக்கை, அதற்குப் பின்பே வேலையைப் பற்றிய முடிவு.