சொல்லும் செவியும்

பழனி மலைத்தொடரின் வடபுறத்து அடிவாரத்தில், பழனி நகருக்கு அணித்தாக அமைந்த பேரூர் பாலசமுத்திரம். மலையினின்றும் இழிந்துவரும் பாலாற்றையும் பொருந்தலாற்றையும் தேக்கி நிறுத்தும் அணை அதன் அருகே உள்ளது. ஊரில் நின்று தெற்கே நோக்கினால் வானளாவிய மலைகள் தோன்றும். அம்மலைகளின் மேல், கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள கோடைக்கானலில், அரசு வானொலியின் பண்பலை நிலையம் ஒன்று இயங்குகின்றது. பண்பலை ஒலிபரப்பின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆதலின், நிலையம் உயர்ந்த இடத்தில் இருக்குமாயின் அதன் குரலும் நெடுந்தொலைவு எட்டும். கோடை மலையில் பேசுவோர் குரல் பல மாவட்டங்களில் கேட்பது இக்காரணம் பற்றியே.

மலை பேசுகின்றது, ஊர் கேட்கின்றது. ஊர் பேச விரும்பினால், கேட்பவர் யார்? இவ்வினாவிற்கு விடை தேடும் கல்வி ஒன்று உண்டு. அதற்குத் தகவல் தொடர்பியல் என்று பெயர். ஒருவர் கருத்து மற்றொருவரை எவ்வாறு சென்றடைகின்றது, இடையில் எவ்வாறு திரிகின்றது, சென்றடைந்தபின் என்ன விளைக்கின்றது என்பவற்றை அஃது ஆராய்கின்றது.

இக்கல்வி நம் நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. 1920-ஆம் ஆண்டில், அடையாற்றில் இயங்கிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் இதழியலைப் பாடமாகத் தொடங்கினார். அங்குப் பயின்றோர் அவர் நடத்திய ‘நியூ இந்தியா’ இதழில் செயல்முறைப் பயிற்சியும் பெற்றனர். 1947-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியலைக் கற்பிக்கத் தலைப்பட்டது. பின்னர் வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, கைப்பேசி என்று கருவிகள் பெருகப் பெருக, இதழியல் என்னும் சிற்றாறு தகவல் தொடர்பியல் என்னும் பேராறாக விரிந்தது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் காட்சித் தொடர்பியலும் கற்பிக்கப்படுகின்றது. மாணவர் அதனை ‘விஸ்காம்’ என்று சுருக்கி வழங்குவர்.

வகுப்பறையில்

இத்துறையில் சேர வரும் மாணவர் பலருடைய கண்முன் நிற்பவை ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியுமே. தம் குரல் நாடெங்கும் ஒலிக்க வேண்டும், தம் பெயர் திரையில் தோன்ற வேண்டும் என்னும் ஆர்வம் அவர்களை உந்துகின்றது. ஆனால், அவர்கள் முதலிற் பெறும் பயிற்சிகளுள் ஒன்று மிக எளியது. ஆசிரியர் ஒரு படத்தை முதல் மாணவனுக்குக் காட்டுவார். அவன் தான் கண்டதை அடுத்தவன் செவியிற் சொல்லுவான்; அவன் மூன்றாமவனுக்குச் சொல்லுவான். ஆறாம் மாணவன் எழுந்து, தான் கேட்டதை உரக்கக் கூறும்போது வகுப்பு முழுவதும் சிரிக்கும். படத்தில் இருந்தவை பல மறைந்திருக்கும். இல்லாதவை சில புகுந்திருக்கும்.

இதனை ஆராய்ந்த ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1947-ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டனர். செய்தி ஐந்தாறு வாய் மாறுவதற்குள் அதன் நுணுக்கங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு உதிர்ந்துவிடுகின்றது என்று அவர்கள் கண்டனர். எஞ்சியதும் கேட்போரின் அச்சத்திற்கும் முன்முடிவிற்கும் ஏற்ப உருமாறுகின்றது.

வகுப்பறையிற் சிரிப்பு விளைப்பது வெளியில் உயிரைக் குடிக்கவும் கூடும். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் ஊர்தோறும் திரிகின்றனர் என்னும் பொய்ச்செய்தி தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோவிலுக்குச் சென்ற குடும்பத்தினர்மீது ஐயங்கொண்ட கூட்டத்தார் அவர்களைத் தாக்கினர். முதிய பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பியோர் பலர். ‘இஃது உண்மையா?’ என்று கேட்டிருக்க வேண்டியவர்களும் அவர்களே.

களத்தில்

வகுப்பறைப் பாடம் ஓரளவு முடிந்தபின் மாணவர் ஊர்களுக்கு அனுப்பப்படுவர். பாலசமுத்திரத்து மாந்தோப்பு ஒன்றிற்கு மாணவி ஒருத்தி செல்வதாகக் கொள்வோம். அவள் கையில் வினாத்தாள் இருக்கின்றது. “ஐயா, வானொலியில் வரும் வேளாண்மை நிகழ்ச்சிகள் உங்களுக்குப் பயன்படுகின்றனவா?” என்று கேட்கின்றாள். “பயன்படுகின்றன, அம்மா” என்கின்றார் பெரியவர். அடுத்த வினாவிற்கும் அதே மறுமொழி. படித்த பெண் கேட்கின்றாள், மனம் நோகச் சொல்லலாகாது என்னும் பண்பினாலே அவர் அவ்வாறு கூறுகின்றார். வினாத்தாள் நிறைந்துவிடும், உண்மை அதில் இராது.

அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, “சென்ற பருவத்தில் காயை எங்கே விற்றீர்கள், ஐயா? விலை இவ்வளவு என்று உங்களுக்கு யார் சொன்னார்?” என்று கேட்கட்டும். இப்பொழுது பெரியவர் தாமே பேசுவார். சந்தை விலையைத் தாம் வானொலியில் அறிவதில்லை என்பதும், தோப்பிற்கு வரும் வணிகர் சொல்வதே விலை என்பதும் அப்போது வெளிப்படலாம். கேட்கும் முறை மாறியதால் கிடைக்கும் செய்தியும் மாறுகின்றது.

களத்திலிருந்து திரும்பியவுடன் வேறொரு சோதனை காத்திருக்கின்றது. ஒரு மணி நேரப் பேச்சை ஐந்து நிமிடமாகக் குறைக்க வேண்டும். “அணையால் எங்களுக்கு நன்மைதான், ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை” என்று உழவர் ஒருவர் கூறியிருக்கின்றார் என்போம். பின்பகுதியை வெட்டினால் அது பாராட்டு. முன்பகுதியை வெட்டினால் அது குற்றச்சாட்டு. இரண்டும் அவர் குரலே. எனினும், இரண்டும் அவர் கருத்தாகா. பிறர் சொல்லைக் கையாள்வோன் பிறர் பொருளைக் காப்போனை ஒப்பான் என்பதை மாணவர் இங்கே உணர்கின்றனர்.

ஓர் அறிவிப்பு

இனி, எழுத்துப் பயிற்சி ஒன்றைக் காண்போம். மழைக்காலத்தில் அணை நிரம்பி, உபரிநீரைத் திறந்துவிடும் நிலை வருகின்றது. ஆற்றங்கரை மக்களுக்கு அறிவிப்பு எழுத வேண்டும். மாணவன் ஒருவன் இவ்வாறு எழுதுகின்றான்: “அணையின் உபரிநீர் வெளியேற்றப்படவுள்ளதால், தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் ஆசிரியர் வினாக்களை அடுக்குகின்றார். எந்தத் தெரு தாழ்வான பகுதி? பாதுகாப்பான இடம் பள்ளிக்கூடமா, கோவில் மண்டபமா? எத்தனை மணிக்குள் செல்ல வேண்டும்? மேய்ச்சலுக்குப் போன ஆடுகளை என் செய்வது? கைப்பேசி இல்லாத மூதாட்டிக்கு இதனை யார் சென்று சொல்வார்? மலையில் வாழும் பளியர் குடியிருப்பிற்கு எவ்வாறு எட்டும்?

மாணவன் மீண்டும் எழுதுகின்றான்: “இன்று மாலை ஆறு மணிக்கு ஆற்றில் வெள்ளம் வரும். ஆற்றில் இறங்காதீர்கள். ஆடுமாடுகளை ஐந்து மணிக்குள் கரையேற்றுங்கள். ஆற்றங்கரைத் தெருவில் இருப்போர் பள்ளிக்கூடத்திற்கு வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.” ஒவ்வொரு சொற்றொடரும் செய்ய வேண்டிய ஒரு செயலைச் சுட்டுகின்றது. முதல் அறிவிப்பு எழுதியவனை மனத்திற்கொண்டு எழுந்தது. இரண்டாவது கேட்பவரை மனத்திற்கொண்டு எழுந்தது.

உயிர் காத்த ஒலிபெருக்கி

இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது புதுச்சேரிக் கடற்கரையிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊர். அங்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு ஊர் அறிவு மையம் ஒன்று நடந்துவந்தது. ஊர்மக்களுக்கு வேண்டிய செய்திகளை அம்மையத்தார் ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்து வந்தனர்.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. அப்போது சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், வரவிருக்கும் தீங்கை உணர்ந்து தொலைபேசி வழியே ஊரை எச்சரித்தார். ஊரார் விரைந்து மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு வெளியேறி உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன; மக்கள் பிழைத்தனர்.

தொலைபேசியும் ஒலிபெருக்கியும் பிற ஊர்களிலும் இருந்திருக்கும். நல்லவாட்டில் அவற்றோடு வேறொன்றும் இருந்தது. அதுவே நம்பிக்கை. பழகிய குரல், முன்னர் உண்மையே சொல்லிய குரல், ‘ஓடுங்கள்’ என்றதும் மக்கள் ஐயுறாமல் ஓடினர். நம்பிக்கை ஒரே நாளில் விளையும் பயிரன்று. நாள்தோறும் மெய்ம்மை என்னும் நீர் பாய்ச்சி வளர்க்க வேண்டியது.

மாணவர் நடத்தும் வானொலி

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2002-ஆம் ஆண்டில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்துவதற்கு மத்திய அரசு வழிவகுத்தது. அதன் பயனாக, 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-ஆம் ஆண்டில் தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வுரிமை கிடைத்தது.

இத்தகைய நிலையங்களின் ஆற்றல் சிறிது. குரல் சில கல் தொலைவே எட்டும். ஆனால், அச்சிறுமையே அவற்றின் சிறப்பாயிற்று. கேட்போர் அண்டையில் வாழ்கின்றனர். பிழை கண்டால் நேரில் வந்து கேட்பர். அண்ணா பல்கலைக்கழக வானொலியில் அக்கம்பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் உடல்நலம் முதலியவை பற்றிய நிகழ்ச்சிகளில் தாமே பங்குகொண்டனர். அவர்களோடு பணிபுரிந்த மாணவர்க்கு அப்பெண்கள் வெறும் நேயர் அல்லர், ஆசிரியருமாவர்.

முடிவுரை

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. சொல்வன்மை அதற்கு நெடுந்தொலைவு பின்னரே வருகின்றது. கற்றலும் கேட்டலும் முந்த, சொல்லுதல் பிந்துதல் பொருத்தமே அன்றோ?

மாணவர்களே! இக்கல்வியைத் தொடங்குவதற்குப் பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருத்தல் வேண்டா. ஒரு செய்தி உங்கள் கைக்கு வருமாயின், அது யார் கூறியது, அவர் கண்டு கூறினாரா, கேட்டுக் கூறினாரா என்று வினவுங்கள். விடை தெரியாத செய்தியை உங்களோடு நிறுத்துங்கள். உங்கள் ஊரிற் பேசாதிருக்கும் முதியோரை அணுகி, அவர்கள் சொல்வதை முழுவதும் கேளுங்கள். அவ்வாறு கேட்டுப் பழகிய செவிக்கு உரியவர் ஒருநாள் பேசத் தொடங்கும்போது, அவர் சொல்லை ஊர் நம்பும்.

அருஞ்சொற்பொருள்

அணித்தாக – அருகில்
இழிந்து – இறங்கி
தலைப்பட்டது – தொடங்கியது
விழுக்காடு – நூற்றில் பங்கு
கடைமடை – வாய்க்கால் நீர் கடைசியாகச் சென்றடையும் வயற்பகுதி
ஆழிப்பேரலை – சுனாமி

வினாக்கள்

1. பண்பலை வானொலி நிலையத்தை உயர்ந்த இடத்தில் அமைப்பதன் காரணம் யாது?
2. மாந்தோப்பு உழவரிடம் மாணவி முதலிற் கேட்ட வினாவிற்கும் பின்னர்க் கேட்ட வினாவிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. நல்லவாட்டு மக்கள் ஒலிபெருக்கியின் எச்சரிக்கையை உடனே ஏற்றதற்குக் காரணமாக ஆசிரியர் கூறுவது யாது?
4. உங்கள் ஊருக்கு ஏற்றவாறு புயல் எச்சரிக்கை ஒன்றை ஐந்து சொற்றொடர்களில் எழுதுக.