ஓர் அணுவின் வேதியியல்

அன்புள்ள கயல்விழிக்கு,

இரண்டு மூன்று அணுக்களை வைத்துக்கொண்டு ஒரு தனிமத்தின் குணத்தை அறிவிப்பதெல்லாம் வேதியியலா என்று கேட்டிருந்தாய். கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. ஒரு துளி நீரிலேயே கோடி கோடி கோடி மூலக்கூறுகளுக்கு மேல் உண்டு. நிறம், அடர்த்தி, கொதிநிலை எல்லாம் அந்தக் கூட்டத்துக்குரிய குணங்கள். தனி அணுவுக்கு அவை கிடையா. ஆனால் ஒரு பரப்பில் ஒட்டுவதா விலகுவதா, எந்த மூலக்கூறோடு பிணைவது என்பவை தனி அணுவுக்கும் உள்ள நடத்தைகள்தாம். 1955இல் பெர்க்லியில் மெண்டெலீவியம் கண்டுபிடிக்கப்பட்டபோது கிடைத்தவை வெறும் 17 அணுக்கள். அயனிப் பரிமாற்ற முறையில் அவை கரைசலோடு எந்த வரிசையில் வெளியேறின என்பதே புதிய தனிமத்துக்குச் சான்றாயிற்று. சமநிலை என்ற கருத்துக்கே கூட்டம் வேண்டாமா என்று நீ மடக்கலாம். நூறு நாணயங்களை ஒருமுறை சுண்டுவதும் ஒரே நாணயத்தை நூறுமுறை சுண்டுவதும் ஒரே நிகழ்தகவைத்தான் காட்டும். குழாய் வழியே போகும் ஓர் அணு, சுவரில் ஒட்டிப் பிரிந்து, மறுபடி ஒட்டிப் பிரிந்து, அந்தச் சுண்டலைத் தானே எண்ணற்ற முறை செய்துவிடுகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, அட்டவணையில் மேலே இருக்கும் தனிமத்தைப் பார்த்துக் கீழே இருப்பதன் குணத்தைச் சொல்லிவிடலாமே என்பதுதான் பலருக்கும் தோன்றும். அட்டவணையின் அடித்தட்டில் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அணு எண்ணை 137ஆல் வகுத்துப் பார். உட்கருவுக்கு மிக அருகிலுள்ள எலக்ட்ரான் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் ஓடுகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. தங்கத்துக்கு 58 விழுக்காடு, 112ஆம் தனிமமான கோப்பர்நிசியத்துக்கு 82. இந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் குறுக்கிடுகிறது. சில எலக்ட்ரான் கூடுகள் சுருங்குகின்றன, சில விரிகின்றன. தங்கத்தின் மஞ்சள் நிறமும் பாதரசம் திரவமாக இருப்பதும் இதனால்தான். 2011இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, காரில் இருக்கும் ஈய பேட்டரியின் மின்னழுத்தத்தில் பெரும்பகுதி சார்பியலின் கொடை. மேலே உள்ள தனிமங்களிலேயே இப்படி என்றால், கீழே போகப் போகக் குடும்பச் சாயல் எதுவரை நீடிக்கும்?

கணினியில் கணக்குப் போட்டால் போதாதா? வேதியியலாளர் கென்னத் பிட்சர் 1975இல் போட்ட கணக்கு, சார்பியல் விளைவால் 112, 114ஆம் தனிமங்கள் மந்த வாயுக்கள்போல நடந்துகொள்ளக்கூடும் என்றது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெர்ரர் நிறுவனத்தினர் ரஷ்யாவின் துப்னாவில் நடத்தி 2007இல் வெளியிட்ட சோதனையில், தங்கம் பூசிய உணரிகளை வரிசையாக அடுக்கி, ஒரு முனையை அறை வெப்பத்திலும் மறுமுனையைக் கடுங்குளிரிலும் வைத்தார்கள். பாதரசம் வெப்ப முனையிலேயே ஒட்டிவிடும். மந்த வாயுவான ரேடான் குளிர்முனை வரை போகும். சுமார் 4 வினாடி அரை ஆயுள் கொண்ட கோப்பர்நிசியம் ஒட்டிய இடம், அது தங்கத்தோடு உலோகமாகவே பிணைகிறது, ஆனால் பாதரசத்தைவிட எளிதில் ஆவியாகிறது என்று காட்டியது. அப்போது கிடைத்தவை இரண்டே அணுக்கள். அவை சிதைந்த விதம் தனித்துவமானது என்பதால் ஆளை அடையாளம் காண்பதில் ஐயமில்லை. எத்தனை வலுவாக ஒட்டியது என்ற எண்ணில்தான் பிழை வரம்பு அகலமாக இருந்தது.

இந்த முறை மீது சொல்லக்கூடிய வலுவான ஆட்சேபம் உன் கடிதத்தில் இல்லை. 2025இல் பெர்க்லியிலிருந்தே வந்தது. அங்குள்ள சைக்ளோட்ரானில் கால்சியம் அயனிகளைத் தூலியம், ஈய இலக்குகள் மீது மோதவிட்டு, ஆக்டினியம், நொபிலியம் அணுக்களை உண்டாக்கினார்கள். பத்து நாள் ஓட்டத்தில் அவற்றைக் கொண்ட ஏறத்தாழ 2,000 மூலக்கூறுகளை ஃபியோனா என்ற கருவியால் நிறையளந்து நேரடியாக அடையாளம் கண்டார்கள். வியப்பு என்னவென்றால், வினைபுரிய வேண்டிய வாயுவைச் செலுத்துவதற்கு முன்பே, கருவிக்குள் மிஞ்சியிருந்த சொற்ப நீராவியோடும் நைட்ரஜனோடும் நொபிலியம் பிணைந்துகிடந்தது! அப்படியானால் முந்தைய சோதனைகளில் தங்கத்தில் ஒட்டியது தனி அணுதானா, எவரும் அறியாமல் உருவான மூலக்கூறா? 114ஆம் தனிமமான பிளெரோவியத்தை ஒரு குழு மந்த வாயுபோல என்றும் இன்னொரு குழு உலோகம்போல என்றும் சொன்ன முரணுக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு துறை தன் பழைய முடிவுகளைத் தானே ஐயுற்று அதற்கான கருவியையும் செய்துகொள்கிறது என்றால், அதை வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

பயனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அதை வைத்து மட்டும் இந்தத் துறையை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ 10 நாள் அரை ஆயுள் கொண்ட ஆக்டினியம்-225, ஆல்பா துகள்களால் புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் மருந்தாகச் சோதிக்கப்படுகிறது. உடலுக்குள் அது கழன்றுவிடாமல் பிடித்துவைக்கும் மூலக்கூறை வடிவமைக்க, ஆக்டினியம் எதனோடு எப்படிப் பிணையும் என்று தெரிய வேண்டும். கிடைக்கும் அளவோ மிகக் குறைவு. சில அணுக்களைக் கொண்டே வேதியியல் செய்யும் கலை அங்கே கைகொடுக்கிறது.

நேரடியாக வேதியியல் சோதனைக்கு உட்பட்ட தனிமங்களில் மிகக் கனமானது 115ஆம் தனிமமான மாஸ்கோவியம்; அந்த முடிவு 2024இல் வெளிவந்தது. அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஓகனெசான், ஹீலியம், நியானுக்குக் கீழே மந்த வாயுக்களின் நிரலில் உட்கார்ந்திருக்கிறது. அதன் அணு ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிலைப்பதில்லை. உணரி வரை வந்து சேரவே அதற்கு நேரம் போதாது. அது மந்த வாயு என்பது இன்றைக்கு வெறும் ஊகம்.

அன்புடன்,
மாமா