கருவின் முதல் வாரம்

சேலத்தில் 1992-இல் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் நமது தேனி மாவட்டத்திற்கும் நீட்டிக்கப்பட்டது. பெண்மகவைப் பெற்றதற்காகத் தாயை நிந்திக்கும் வழக்கத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஆசிரியப் பணி புரிந்த நாட்களில் நேரிற் கண்டு வருந்தியதுண்டு. ஆதலின் சகோதரிகள் இப்பாடத்தைச் சற்றுக் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

கருமுட்டை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் அளவினது. அண்டகத்தினின்று வெளிப்பட்டபின் ஒரு நாள் அளவே உயிர்ப்புடன் இருக்கும். கருக்குழாயில் அதனை வந்தடையும் விந்தணுக்களுள் ஒன்றே உட்புகும். உடனே முட்டையின் புறவுறை மாறுதலுற்று, ஏனையவற்றைத் தடுத்துவிடும். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 ஆக 46 குரோமோசோம்கள் ஒன்றுசேர்கின்றன. இவற்றுள் பாலைக் குறிப்பனவற்றில் தாய் அளிப்பது என்றும் எக்ஸ் ஒன்றே. தந்தையின் விந்தணு எக்ஸ் கொணரின் பெண். ஒய் கொணரின் ஆண். தாயைப் பழிப்பதற்கு இங்கு இடம் ஏது? தந்தையும் தாமாகத் தேர்ந்தளிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏறக்குறைய 30 மணி நேரத்தில் கரு இரண்டு செல்களாகப் பிரிகிறது. நான்காம் நாளில் முசுக்கட்டைப் பழம் போன்ற திரளாகும் (பட்டுப்புழு வளர்ப்போர் அப்பழத்தை நன்கறிவர்). ஐந்தாம் நாளில் உள்ளே நீர் நிறைந்த கோளமாகி, ஆறு, ஏழாம் நாட்களில் கருப்பைச் சுவரிற் பதியத் தொடங்கும். தான் கருவுற்றதையே தாய் அப்போது அறியாள். பாலோ முதல் நாளிலேயே முடிவாகிவிட்டது. ஆண்மகவு வேண்டிப் பின்னர் உண்ணும் மருந்தினால் அது மாறுவதில்லை.