எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிய வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஆர்.ஓ. என்று ஒவ்வொன்றின் பழுதுக்கும் தனி ஆள் வைத்திருக்கிறீர்கள். சித்திரையில் ஏசி ஆட்களுக்கு மூச்சு விட நேரமில்லை. ஐப்பசி மழையில் அவர்களே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். எல்லாம் வேண்டாம். ஆனால் இப்போது தெரிந்ததைவிட நிறையவே தெரிய வேண்டும்.

போன வருஷத்து ஜாப் கார்டுகளை எடுங்கள். ஒரே புகாருக்கு இரண்டாம் தடவை போனவற்றை மட்டும் பிரியுங்கள். ஸ்பேர் கையில் இல்லாமல் திரும்பியது பயிற்சியால் தீராது. வண்டிப் பெட்டியைத்தான் சரிசெய்ய வேண்டும். ‘இது என் லைன் இல்லை’ என்று திரும்பி வந்த கார்டுகள்தான் உங்கள் பாடத்திட்டம்.

ஆர்.ஓ. ஃபில்டர் மாற்றுவது, வாஷிங் மெஷின் டிரெய்ன் பம்ப்பில் சிக்கிய காசை எடுப்பது, இன்லெட் வால்வ் வலையில் அடைத்த மண்ணைக் கழுவுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டும். பெரிய பழுதென்றால், அது எங்கே, என்ன ஸ்பேர் வேண்டும் என்று சரியாக எழுதி வந்தாலே போதும். அடுத்துப் போகிறவர் ஒரே நடையில் முடித்துவிடுவார்.

கேஸ் வேலையும் போர்டு வேலையும் வேறு. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எளிதில் தீப்பற்றும். பழைய ஆர்134ஏ ஃபிரிட்ஜில் பழகிய கை, கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் பிரேசிங் டார்ச்சைக் காட்டினால் வீட்டுக்காரர் சமையலறையில் தீப்பிடிக்கும். ஆர்32 ஏசி கேஸும் எரியக்கூடியதே. இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் போர்டில், மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். மீட்டர் வைத்து, வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்த பிறகே தொட வேண்டும். இரண்டு நாள் வகுப்பில் வருகிற பழக்கமல்ல இது. அன்றாடம் இதைச் செய்கிறவர்களிடமே இருக்கட்டும்.

ஆனால் அந்த வேலை தெரிந்த ஒருவர் மே மாதம் அம்மை போட்டுப் படுத்துவிட்டால்? அதற்காக ஒவ்வொரு லைனுக்கும் இரண்டாவதாக ஒருவரைத் தயார் செய்யுங்கள், ஒரு லைனுக்கு இரண்டு பேர் போதும். வேலை குறைந்த மாதங்களில் மூத்தவரோடு வண்டியில் அனுப்புங்கள். ஆறு மாதம் தொடாத வேலை என்றால், மறுபடி ஒருமுறை உடன் போய்ப் பார்த்த பிறகே தனியாக அனுப்புங்கள்.

கூலி விஷயத்தில் கை இறுக்காதீர்கள். இரண்டாவது வேலை கற்றவருக்கு அந்த மாதத்திலிருந்தே சம்பளம் ஏற வேண்டும். கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்கிற மூத்தவர், தன் பிழைப்பைப் பங்கு போடுவதாக நினைத்து ஒதுங்கக்கூடும். அந்தப் பயம் நியாயமானது. சொல்லிக்கொடுப்பதற்கென்று அவருக்குத் தனிப் படி போடுங்கள். பையன்களை அனுப்புவதற்கு முன்பே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்