ஜிக் எதுவரை கை கொடுக்கும்?

பேச்சிப்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் கத்தி செய்து பழகுகிறேன். வாய்ச் சரிவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் அமையவே மாட்டேன் என்கிறது. ஜிக் வைத்துத் தேய்த்தால் சரியாகுமா? அதே ஜிக்கில் வெட்டுக்கத்தியும் பால்வெட்டும் கத்தியும் தீட்டலாமா?

முதல் கேள்விக்கு, ஆகும். வெட்டுக்கத்திக்குப் பாதி வேலை வரை உதவும். பால்வெட்டும் கத்தியை அதன் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பெல்ட் கிரைண்டருக்காகக் கடன் வாங்க வேண்டாம். 12 அங்குல அரம் ஒன்று போதும். ஆனால் பட்டை இளகியிருக்க வேண்டும். காந்தம் ஒட்டாத அளவுக்கு, ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, உலர்ந்த உமிச்சாம்பலில் புதைத்து, மறுநாள் வரை அப்படியே ஆறவிடுங்கள். அதற்குப் பிறகும் அரம் கடிக்காமல் வழுக்கினால் திரும்பக் காய்ச்சுங்கள். அவசரப்பட்டால் அரம்தான் மொட்டையாகும்.

ஜிக்கின் அமைப்பு எளிது. ஒரு கனமான பலகை. அதன் முன்விளிம்பில், வாய் உங்களைப் பார்த்திருக்கும்படி கத்தியைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். பின்பக்கம் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி இரண்டு நட்டுகளோடு ஒரு கண்போல்ட். அரத்தின் மேல் ஒரு நேரான கம்பியைப் பிடிப்பித்து, அதைக் கண்போல்ட்டின் துளைக்குள் விட்டால் முடிந்தது. உங்கள் ஊரில் ரப்பர் மரத்துண்டு சும்மாவே கிடைக்கும். ஆனால் மருந்தேற்றாத ரப்பர் பலகையை வண்டு துளைக்கும், மழைக்காலத்தில் கோணியும் போகும். அயினிப் பலகை கிடைத்தால் நல்லது.

பிடிக்கான துளைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். அதே துளைகளின் வழியாகப் போல்ட்டை இறக்கினால், கத்தியைப் புரட்டிப் போட்டாலும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். இரு பக்கமும் ஒன்றுபோல் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடித்து நீட்டிய பட்டையின் முகம் சமமாக இருப்பதில்லை. ஜிக் அந்த முகத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. முகம் வளைந்திருந்தால் சரிவும் கூடவே வளையும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கத்தியை வைத்துப் பாருங்கள். ஆடினால் அதைச் சரிசெய்யாமல் சரிவைத் தொடக்கூடாது.

இனி கணக்கு. கனம் 4 மி.மீ., சரிவின் அகலம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பதம் ஏற்றும்போது வாய் கோணாமலும் வெடிக்காமலும் இருக்க விளிம்பில் 0.8 மி.மீ. கனம் விட வேண்டும். அப்படியானால் ஒரு பக்கத்தில் எடுக்க வேண்டியது 1.6 மி.மீ.தான். 20-க்கு 1.6 என்றால் ஏறக்குறைய நாலரை டிகிரி. சரிவு தொடங்கும் கோட்டிலிருந்து 300 மி.மீ. பின்னால் கண்போல்ட் இருந்தால், கத்தியின் மேல்முகத்தைவிட அது 24 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அரத்தின் அடிமுகத்துக்கும் கம்பியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். மார்க்கர் பேனாவால் சரிவு முழுக்கப் பூசிவிட்டுத் தேய்த்தால், மை அழிந்த இடம் அரம் எங்கே தொடுகிறது என்று காட்டிக்கொடுக்கும். தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், அடிக்கடி புரட்டிப் போட்டுத் தேய்ப்பது நல்லது.

கண்போல்ட் ஒரே புள்ளியில் நிற்கிறதே, கத்தியின் இரு கோடிகளில் கோணம் மாறிவிடாதா என்று பலருக்கும் சந்தேகம் வரும். வாய் நேராக இருக்கும்வரை மாறாது. ஒரு புள்ளியிலிருந்து ஒரு நேர்கோட்டுக்கு எத்தனை கோடு இழுத்தாலும் அத்தனையும் ஒரே தளத்தில்தான் கிடக்கும். அதனால் நேர்வாயுள்ள பிச்சாத்திக்கும் காய்கறிக் கத்திக்கும் இந்த ஜிக் அருமையானது.

வாய் வளையத் தொடங்கியதும் கணக்கு தப்பும். முனையருகே வாய் 10 மி.மீ. மேலேறினால், அங்கே ஒரு பக்கத்துக்கு 0.8 மி.மீ. வீதம் கூடுதல் கனம் தங்கிவிடும். 0.8 இருக்க வேண்டிய விளிம்பு 2.4 ஆகிவிடும். வெட்டுக்கத்தியின் உள்வளைவுக்குள் தட்டை அரம் நுழையவும் செய்யாது. ஆகவே நேர்பகுதியை ஜிக்கில் முடித்துவிட்டு, வளைவை அரைவட்ட அரத்தால் கையிலேயே செய்யுங்கள். நேர்பகுதியின் சரிவு கண்ணெதிரே சரியாக இருப்பதால் கைக்கு அது ஒரு வழிகாட்டி. மேலும், விறகு தறிக்கிற கத்திக்கு வாய் கொஞ்சம் உருண்டிருப்பதே நல்லது. அச்சில் வார்த்ததுபோல் தட்டையாகச் சீவிய வாய், கணு பட்டதும் மடங்கும்.

ஆங்கிள் கிரைண்டரை வைஸில் இறுக்கி ஜிக்காக மாற்றுவதைச் சில பட்டறைகளில் பார்க்கலாம். அதன் காப்புத்தகட்டைக் கழற்றிவிட்டுச் செய்வது ஆபத்து, கத்தி உதைத்துத் திரும்பும். போதாக்குறைக்கு, பதம் ஏற்றிய கத்தியை அதில் தேய்த்தால் மெல்லிய வாய் நொடியில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரியை நெருங்கிவிட்டது, அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பதத்துக்குப் பின் தண்ணீர் தொட்டுக் கல்லில் தீட்டுவதே உத்தமம்.

பால்வெட்டும் கத்திக்கு வருவோம். மிச்சி கோலெட்ஜ் ஆனாலும் ஜெபோங் ஆனாலும் அவற்றின் வாய் மடங்கிய வாய். தட்டை ஜிக்கில் வைத்தால் அந்த மடிப்பின் மூலை போய்விடும். அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலும் சிறு தோட்டங்களிலும் வெட்டுகிறவர்களைக் கேளுங்கள், அந்த மூலையின் அருமை அவர்களுக்குத் தெரியும். பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது பட்டையின் உள்ளோரத்தில். வளர்படலத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. முன்னதாகவே கத்தி நிற்க வேண்டும். தாண்டினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே வெட்ட முடியாது. மூலை மழுங்கிய கத்தியோடு அந்த நூலளவில் நிறுத்துவது கடினம்.

இதற்கு ஜிக்கைவிட ஓர் அச்சு உதவும். கத்தியின் வாயைத் தகரத்தில் வைத்து ஊசியால் கீறி, அந்த வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். கம்பெனி எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் சிறு தீட்டுக்கல்லால் தீட்டி, தகரத்தோடு பொருத்தி வெளிச்சத்தில் பாருங்கள். ஒளி கசியும் இடம் தேய்ந்த இடம். அச்சைப் புதுக் கத்தி வாங்கிய அன்றே எடுத்து வைத்துவிட வேண்டும். பாதி தேய்ந்தபின் எடுத்தால் தேய்ந்த வடிவம்தான் அதில் பதியும்.