காப்புக்காடும் கிராமப் பஞ்சாயத்தும்

மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் கிராம சபையில் நாம் கலந்துகொண்டபோது, முதிய விவசாயி ஒருவர் எழுந்து, "ஐயா, காடு சர்க்காருடையது. அதைக் காக்கச் சம்பளம் பெறும் காவலர் இருக்கிறார். காடு எரிந்தால் எங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். பலர் தலையசைத்தனர். அன்று நாம் அளித்த விடை அவருக்கு நிறைவு தந்திராது. அவ்விடையை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்டின் முதல் விளைபொருள்

காடு தருவது யாது எனில், மரம், விறகு, தேன், புளி என்று அடுக்குவோம். இவை யாவற்றினும் மேலானது நீர். மழைத்துளி இலையில் தங்கி, சருகில் இறங்கி, வேர்கள் நெகிழ்த்திய மண்ணில் மெல்ல ஊறுகிறது. மழை ஓய்ந்து பல வாரங்கள் சென்ற பின்னும் ஓடையில் நீர் கசிவதற்கும், அடிவாரக் கிணறுகளில் ஊற்று நிற்பதற்கும் இதுவே காரணம்.

தீப்பட்ட சரிவில் சருகுப் போர்வை அழிகிறது, இளங்கன்றுகள் கருகுகின்றன. அடுத்து வரும் கோடைமழை வெற்று மண்ணை அறைந்து, சாம்பலோடு மேல்மண்ணையும் அரித்துச் செல்கிறது. அம்மண் சேருமிடம் நமது ஏரியும் கண்மாயுமே. நீர் நிற்க வேண்டிய இடத்தில் வண்டல் படிகிறது. மதகு தூர்ந்து போகிறது. ஆகவே காட்டுத்தீயின் நஷ்டம் சர்க்கார் கணக்கோடு முடிவதில்லை. விவசாயியின் பாசனத்திலும் அது வந்து விடிகிறது.

தீ மூளும் விதம்

நம் நாட்டுக் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் கையாலேயே மூள்கிறது. கரும்புச் சோகையையும் சோளத் தாளையும் வயலில் கொளுத்தும்போது பறக்கும் பொறி, தேனெடுக்கக் கொண்டு சென்ற பந்தம், வழிப்போக்கர் எறிந்த பீடித்துண்டு ஆகியவை முதன்மையான காரணங்கள். உண்ணிச்செடிப் புதர் மண்டிய இடங்களில் தரையில் பற்றிய தீ எளிதில் கிளைகளுக்கு ஏறிவிடும்.

புதுப்புல் தழைக்கும் என்று கருதித் தீ வைப்போரும் உளர். எரிந்த இடத்தில் சில நாட்களில் பசும்புல் தோன்றுவது மெய்யே. ஆயின் ஆண்டுதோறும் எரித்து வந்தால் மேல்மண் போய்விடும். நல்ல புல் குறைந்து, மாடு விரும்பாத முரட்டுப் புல்லும் களையுமே எஞ்சும்.

தீ மரத்தோடு நிற்பதுமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

1. ஜனவரி 26 கிராம சபை தீக்காலத்திற்கு முன்னர் வருவது நமக்கு வாய்ப்பாகும். வனத்துறைப் பணியாளரை அதற்கு அழைத்து, முன்பு தீப்பட்ட இடங்களையும், காட்டை ஒட்டிய பாதைகளையும் நிலங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. காப்புக்காட்டினுள் தீத்தடுப்புக் கோடு அமைப்பது வனத்துறையின் பணி. எல்லைக்கு வெளியே உள்ள ஊர் நிலத்தில் சருகையும் காய்ந்த புல்லையும் அகற்றுவது நம் பணி.

3. காட்டை ஒட்டிய வயல்களில் சோகையையும் தாளையும் எரிக்காமல், மட்கச் செய்து எருவாக்குதல் நன்று.

4. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே காட்டுத்தீயைக் கண்டறிந்து வருகிறது. பதிவு செய்துகொண்டோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறது. பஞ்சாயத்துத் தலைவரும் உறுப்பினர்களும் தங்கள் எண்களைப் பதிவு செய்தல் வேண்டும்.

5. வனத்துறையினர் உடனின்றித் தீயணைக்கச் செல்லலாகாது. தீ மேட்டை நோக்கி விரைந்து ஏறும் இயல்புடையது. எனவே தீக்கு மேற்புறம் ஒருபோதும் நிற்கக் கூடாது.

கடமையும் உரிமையும்

காப்புக்காட்டில் தீ வைப்பது, தமிழ்நாடு வனச் சட்டம் என இன்று வழங்கும் 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனினும் தண்டனை அச்சம் மட்டுமே நல்ல காவலரை உண்டாக்காது. காவலுக்கு அழைக்கையில் ஊரார், பலன் கேட்கையில் அயலார் என்று நடத்துவது நியாயமன்று.

இதனை உணர்ந்தே 1997-இல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பழங்குடியினருக்கும் மரபுவழியாகக் காட்டைச் சார்ந்து வாழும் பிறருக்கும் சிறு வன விளைபொருள்கள் மீது உரிமை அளித்தது. அவர்தம் கிராம சபைக்குக் காட்டையும் நீர்ப்பிடிப்பு இடங்களையும் காக்கும் அதிகாரத்தையும் வழங்கியது. ஆயினும் நமது வட்டாரத்திலேயே சில குழுக்கள் பதிவேட்டில் மட்டுமே வாழ்கின்றன. இதில் அலுவலர்களாகிய நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அக்குழுக்களைக் கூட்டி, உரிய பலன் உரியோரைச் சேரச் செய்தால், காட்டைக் காக்க ஊரே முன்வரும்.

அப்பெரியவருக்கு இன்று நாம் கூறும் விடை இதுவே: காடு சர்க்காருடையதாக இருக்கலாம், அதிலிருந்து இறங்கும் நீர் உங்கள் வயலுக்குரியது. தை பிறந்ததும் உங்கள் ஊர் எல்லையைச் சுற்றி வாருங்கள். சருகு குவிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த கிராம சபையில் அதைப் பற்றி முதலில் பேசுங்கள்.