நீண்டகாலக் கருத்தடையும் அரசின் கொள்கையும்

ஆத்தூர் என்றவுடன் நம் வட்டாரத்தார்க்குக் காமராசர் அணையே நினைவுக்கு வரும். ஆயின், குடும்பநலத் துறையினர்க்கு அப்பெயர் வேறொன்றை நினைவூட்டும். வத்தலக்குண்டுக்கு அண்மையிலுள்ள அவ்வொன்றியத்தில்தான் 1959ஆம் ஆண்டு காந்திகிராமத்தார் முன்னோடி நலவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கினர். ஊர்ப் பெரியோரையும் மருத்துவச்சியரையும் துணைக்கொண்டு, வீடுதோறும் சென்று பேசி, பின்னரும் சென்று நலம் கேட்டறிவதே அதன் முறையாக இருந்தது.

1952ஆம் ஆண்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற நாடு நம் நாடு. 1965இல் 'லூப்' எனும் நெகிழி வளையம் நாடெங்கும் அறிமுகமாயிற்று. கான்பூரில் ஆலை அமைத்து அதனை உருவாக்கினர். விலையோ குறைவு, பலனோ பல்லாண்டுக்கு, வேண்டாதபோது அகற்றிவிடலாம். இத்துணை நலன்கள் இருந்தும் ஓரிரு ஆண்டுகளிலேயே அதற்கு வரவேற்பு குன்றியது ஏன்? உதிரப்போக்கும் வலியும் கண்ட பெண்களைத் திரும்பப் பார்ப்பாரில்லை. 1966 முதல் வந்த இலக்கு முறை, பொருத்திய வளையங்களைக் கணக்கிட்டதேயன்றி, அகற்றக் கேட்டு வந்தோரைக் கணக்கிடவில்லை. துன்புற்றவர் சொன்ன சொல் ஊர் முழுதும் பரவிற்று. அதனை 'வதந்தி' என்று அதிகாரிகள் ஒதுக்கியது பொருந்துமா என்பதைப் படிப்போரே கருதுக.

இதே குறை இந்தோனேசியாவிலும் நிகழ்ந்தது. கையின் தோலுக்கடியில் ஆறு குச்சிகளைப் பொருத்தும் 'நார்பிளான்ட்' முறை அங்கு இலட்சக்கணக்கான பெண்களுக்கு அளிக்கப்பட்டது. அவற்றை எடுக்கப் பயின்றோர் போதிய அளவில் இல்லாமையால் பலர் அலைக்கழிந்தனர்.

நம் நாட்டில் வளையம் தளர, அறுவைச் சிகிச்சை ஓங்கிற்று. 1996இல் இலக்கு முறை கைவிடப்பட்ட பின்னரும் நிலை பெரிதும் மாறவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர். வளையம் அணிந்தோர் 2.1 விழுக்காட்டினரே. இங்கு நம் சமுதாயப் பெரியோர் கருதத்தக்க ஒன்றுண்டு. இமாம் கஸ்ஸாலி அவர்கள் 'இஹ்யா'வில் 'அஸ்ல்' குறித்து ஆய்ந்து அதனை ஆகுமானதாகவே கண்டார்கள். மீளத்தக்க முறையையும் நிலையான தடையையும் மார்க்க அறிஞர் பலர் வேறுபடுத்தியே நோக்குவர். அறுவையையே முதன்மையாக முன்வைக்கும் கொள்கை, மீளத்தக்கதை நாடுவோரின் வாயிலைக் குறுக்கிவிடுகிறது.

இப்போது பத்தாண்டு பயன்தரும் காப்பர்-டி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று மாத ஊசி 2017 முதல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது; போட்ட ஊசியை மட்டும் எவராலும் திரும்ப எடுக்கவியலாது. தோலடிக் குச்சியும் சோதனை முறையில் வரத் தொடங்கியுள்ளது. தாண்டிக்குடியிலோ பண்ணைக்காட்டிலோ காப்பித் தோட்ட வேலை செய்யும் ஒரு பெண், பொருத்தியதை அகற்ற வேண்டின் மலையிறங்கிப் பேருந்தில் வரவேண்டும். அன்றைய கூலியையும் இழக்கவேண்டும். வந்தபின் 'இன்னும் சில மாதம் பொறும்மா' என்று திருப்பியனுப்பப்படுவாளாயின், அவளுக்கு அம்முறை கிடைத்தது என்று எவ்வாறு கூறுவோம்? பொருத்தும் பயிற்சி பெற்ற செவிலியர் அகற்றும் பயிற்சியும் பெற்று, மலைமேலுள்ள நலவாழ்வு நிலையத்திலேயே அதனைச் செய்தல் வேண்டும். பின்னரும் சென்று நலம் கேட்கும் வழக்கத்தை ஆத்தூரார் 1959லேயே கைக்கொண்டிருந்தனர்.